கோலாம் என்றால் குளம்

(மலேசியாவில் போர்ட்டிக்சன் பக்கத்திலுள்ள லுக்குட் கோயில் மண்டபத்தில், தமிழகத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவர்களுக்கான சந்திப்பில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் புது மருமகள்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் கடை வேலைக்கு வந்த தம்பிகள் சுவரில் சாய்ந்து நிற்கிறீர்கள். நாற்காலி இருக்கிறது தம்பி, உட்காருங்கள். நான் வாயைத் திறந்தால் சீக்கிரம் மூடமாட்டேன். என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

'அயல்நாட்டு வாழ்க்கைக்குப் பழகுவது எப்படி' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் 1994இல் நாகப்பட்டினத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வரும்போது எனக்குப் பயமே கிடையாது. தென்னை மரம், வெயில், மீன்குழம்பு, முருகன், மாரியம்மன், தமிழ் பேசுகிற மாமியார். போதாததற்குப் பக்கத்திலேயே போர்ட்டிக்சன் கடல். இதில் அயல்நாடு எங்கே இருக்கிறது? லண்டனுக்குப் போகிறவள் கம்பளி வாங்குவாள், நாலு பேரிடம் விசாரிப்பாள். நான் யாரையும் எதையும் கேட்கவில்லை. ஊர் நம் ஊர் மாதிரியே இருந்ததால்தான் திரும்பின பக்கமெல்லாம் தடுக்கி விழுந்தேன்.

முதல் நாள் காலை. மாமியார் வந்து, "பசியாறிட்டியாம்மா?" என்றார். பசி அடங்கிவிட்டதா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, "பசியே இல்லீங்க அத்தை" என்றேன். நல்ல பிள்ளை, காலையில் சாப்பிடுகிற வழக்கமில்லை போலிருக்கிறது என்று அவர் பாட்டுக்குப் போய்விட்டார். இங்கே பசியாறுவது என்றால் காலை ஆகாரம் என்பது எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது, அதுவும் தலைசுற்றல் வந்த பிறகு.

சாயங்காலம் வீட்டுக்காரரின் அண்ணன் வந்தார். நெற்றி நிறைய திருநீறு. சாமிப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, தண்ணி கலக்கும்மா" என்றார். எனக்கு உள்ளங்கால் சில்லிட்டுவிட்டது. நாகையில் 'தண்ணி'யைக் கலக்குவது யார், எங்கே, எதனோடு கலக்குவார்கள் என்பது தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடிகாரக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்களே என்று அடுப்படியில் நின்று கண்ணைக் கசக்குகிறேன். மாமியார் உள்ளே வந்து, "மைலோ டின் மேல்தட்டுல இருக்கு" என்றார். இந்த ஊரில் டீயும் தண்ணி, கோப்பியும் தண்ணி, மைலோவும் தண்ணி. பெரிய மைத்துனர் இன்றைக்கும் என்னிடம் தண்ணி கேட்கும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

பணத்துக்கு இங்கே வெள்ளி என்று பேர். சில்லறைக்குச் சென் என்று பேர், அந்தச் சென்னைக் காசு என்பார்கள். அந்தச் சென் வேறு, நம்முடைய சென்னை வேறு. இதையெல்லாம் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். அவர்களுக்கு அது வித்தியாசமாகவே படாது.

மலாய் கற்றுக்கொள்ளப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பாதிக் கடையை நாம் எப்போதோ அவர்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். கடைதான் கெடாய். கப்பல் கப்பால். பெட்டி பெத்தி, கட்டில் காத்தில். மீன் விற்கிறவர் பாவால் என்றால் அது நம் வாவல் மீன். இப்படி நாலு வார்த்தை பிடிபட்டதும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. ஒரு நாள் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகும்போது ஓர் ஓட்டல் வாசலில் 'கோலாம் ரெனாங்' என்று பலகை தெரிந்தது. நம் பெண்கள் யாரோ உள்ளே கோலம் போடுகிறார்கள், வெள்ளைக்காரன் காசு கொடுத்துப் பார்க்கிறான் என்று அம்மாவுக்குக் கடிதமே எழுதிவிட்டேன். கோலாம் என்றால் குளம். அதுவும் நம்மிடமிருந்து போன சொல்தான். கோலாம் ரெனாங் என்றால் நீச்சல் குளம். அந்தக் கடிதத்துக்கு அம்மா பெருமையோடு பதில் எழுதியிருந்தார். நான் இன்றுவரை திருத்தவில்லை.

சொல்லைவிடப் பொல்லாதது கடிகாரம். நமக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உடம்புக்குத் தெரியாது. இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் விடியும், ஏழைத் தாண்டித்தான் இருட்டும். 1982 ஜனவரி 1ஆம் தேதி முதல் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, போர்னியோ பக்கத்து மாநிலங்களான சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். அதனால் இங்கே மணி முன்னால் ஓடுகிறது, சூரியன் பின்னால் வருகிறது. ஆறு மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கப் போனால் கும்மிருட்டு. அந்த இருட்டில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எனக்கு முன்னால் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. ஆட்கள் பெரட்டு என்கிற காலை ஆள்கணக்குக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அப்போது எங்கள் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர், இருந்தது. இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய்ப் பனை. மாமியார் பால்வெட்டு. எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாததால் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவர் பால் வெட்டும் மர நிரைக்குப் போவேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியைப் பட்டையில் வைத்து, மரத்தைச் சுற்றி ஒரு இழுப்பு. சீவல் சுருண்டு காலடியில் விழும். வெட்டின கோட்டில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகக் கசிந்து, ஒன்று சேர்ந்து, பால் பிடிக்கும் மங்கில் சொட்டும். ஏன் இந்த இருட்டில் என்று கேட்டேன். "வெயில் ஏறினா மரம் வாயை மூடிக்கும்" என்றார். குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் இருக்கும், பால் நன்றாக ஓடும் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். இந்த நாட்டின் நேரத்தை எனக்கு விளக்கியது கடிகாரம் அல்ல, அந்த மரம்தான்.

மழையும் அப்படித்தான். ஐப்பசி வரட்டும், மழை வரும் என்று நான் காத்திருந்தேன். இங்கே மாதம் கேட்டு மழை வராது. சுமத்ரா பக்கமிருந்து விடிகாலையில் காற்றும் இடியுமாக ஒரு மழை அடிக்கும், அதற்குப் பெயரே சுமத்ராதான். பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காது, வழிந்துவிடும். அன்றைக்கு வெட்டு இல்லை. மழைச் சத்தம் கேட்டால் எனக்குச் சந்தோஷம், மாமியாருக்குக் கூலிக் கவலை. மார்கழி? அது காலண்டரில் மட்டும் வரும்.

வீட்டுச் சாமானைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். மிக்ஸி கொண்டுவராதீர்கள். நம் பிளக்குக்கு உருண்டைக் கால், இங்கே சுவரில் சதுர ஓட்டை. கடற்கரைப் பக்கம் வீடு எடுத்தால் கேட்டும் சைக்கிளும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். பட்டுப்புடவையை அலமாரியில் மறந்துவிட்டால் பூசணம் பூக்கும், மாதம் ஒரு நாள் எடுத்துக் காற்றாட விடுங்கள். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டிங்கிக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கடையில் வெறும் டீ கேட்டால் கெட்டிப்பாலோடு இனிக்க இனிக்க வரும். பால் வேண்டாமென்றால் தே ஓ. சர்க்கரையும் வேண்டாமென்றால் தே ஓ கோசோங். வெள்ளிக்கிழமை 12:15இலிருந்து 2:45 வரை அரசாங்க அலுவலகத்துக்குப் போய் நிற்காதீர்கள், தொழுகை நேரம்.

தம்பிகளுக்கு ஒன்று, இதைச் சிரிக்காமல் கேளுங்கள். உங்கள் பாஸ்போர்ட் உங்களிடம் இருக்க வேண்டும். "பத்திரமா நான் வச்சிருக்கேன்" என்று முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். அவர் தமிழர், நம் ஜில்லாக்காரர், அண்ணன் என்று கூப்பிடுகிறோம் என்பதால் எத்தனையோ பேர் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். அப்படி ஒரு பையன் என் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். இங்கேயும் அதே கதைதான். அந்நியன் கேட்டிருந்தால் அவன் கொடுத்திருப்பானா?

இப்போது கடலுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

வந்த மாதமே வீட்டுக்காரர் என்னைத் தெலுக் கெமாங் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கடல் எனக்குத் தெரியாததா? செருப்பைக் காய்ந்த மணலில் விட்டுவிட்டு, தூரத்தில் இருந்த தண்ணீரை நோக்கி நடந்தேன். கிளிஞ்சல் பொறுக்கினேன். திரும்பிப் பார்த்தால் செருப்பு விட்ட இடத்தில் தண்ணீர். ஒரு செருப்பு மிதந்து போவது தெரிந்தது, இன்னொன்றைக் காணவே இல்லை. நாகையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. இந்த மலாக்கா நீரிணை புனல் மாதிரி குறுகுவதால் இங்கே பெரிய வற்றம் இரண்டு மீட்டரைத் தாண்டும். அலையே இல்லாமல், சத்தமே போடாமல் ஏறும். எங்கள் கடல் வருவதற்கு முன்னால் குரல் கொடுக்கும். இந்தக் கடல் ஊமை. சூரியனும் இங்கே கடலிலிருந்து எழாது, கடலில் விழும். பல மாதம் எனக்குத் திசையே பிடிபடவில்லை. கடல் இருக்கும் பக்கம் கிழக்கு என்று நினைத்து மேற்கே பார்த்துச் சூரியனைக் கும்பிட்டிருக்கிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளோடு அதே கடற்கரையில் இருந்தோம். கோலாலம்பூர்க்காரர்கள் பாய் விரித்து நாசி லெமாக் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். கடல் தட்டில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் யாரோ காரில் வானொலியைச் சத்தமாக வைத்தார்கள். பினாங்கு, கெடா என்று சொன்னார்கள். அப்புறம் இந்தியா என்றார்கள். நாகப்பட்டினம் என்ற பெயரை மலாய்க்காரச் செய்தியாளர் உடைத்து உடைத்துச் சொன்னார். எனக்கு உடனே புரியவில்லை.

மலேசியாவில் 68 பேர் போனார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். எங்களுக்கும் அந்த அலைக்கும் நடுவில் சுமத்ரா என்ற பெரிய தீவு சுவர் மாதிரி படுத்திருந்தது. மூன்று நாள் தொலைபேசி கிடைக்கவில்லை. என் அண்ணன் பிழைத்தார். அண்ணி வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் கடற்கரைக்குப் போகவில்லை. என் கோபம் இந்தக் கடல்மேல்தான். அன்றைக்கு ஒன்றும் தெரியாததுபோல் கிடந்ததே என்று. மாமியார் ஒரு நாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. மணலில் உட்கார்ந்து, "இது வேற கடலும்மா" என்றார். பிறகு வெற்றிலைப் பையைத் திறந்து பாக்கு வெட்ட ஆரம்பித்துவிட்டார். முப்பது வருடம் இந்த ஊரைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டதில் அந்த மூன்று வார்த்தைதான் எனக்கு ஒத்தாசையாக இருந்தது.

நேரமாகிவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வருகிற ஞாயிறு காலை தெலுக் கெமாங் போகிறோம். புதிதாக வந்த மருமகள்கள் எல்லோரும் வாருங்கள், வேன் கோயில் வாசலில் நிற்கும். பசியாறிவிட்டு வாருங்கள், இங்கே அர்த்தப்படும் பசியாறல். தண்ணி நான் கலக்கிக் கொண்டுவருகிறேன். செருப்பை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.