தை மாதத்தில் திறந்த மதகு

நேயர்களே, வணக்கம். ஆராய்ச்சிக்கு இந்த நாடு செலவழிக்கும் பணத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முப்பது வருடம் வேதியியல் பாடம் நடத்தியவன் நான். அந்தப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுதியே விரலில் காய்ப்பு விழுந்துவிட்டது. ஆகவே கொஞ்சம் புலம்பலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. நாட்டின் மொத்த உற்பத்தியை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆராய்ச்சிக்குப் போவது 64 காசு. 2020-21க்கான அரசுக் கணக்கு இது. அதே நூறு ரூபாயில் சீனா கிட்டத்தட்ட இரண்டரை ரூபாய் போடுகிறது. தென் கொரியா ஐந்து ரூபாயை நெருங்குகிறது. அந்த நாடுகளில் பெரும்பங்கு கம்பெனிகளின் காசு. இங்கே தனியார் தொழில்துறை போடுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

அந்த 64 காசை ஒரு ரூபாயாக்குங்கள் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்தக் காசு எந்த மாதம் கைக்கு வந்து சேர்கிறது என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தால் குறுவை நடலாம். தை மாதம் சம்பா கதிர் சாய்ந்து அறுப்புக்கு நிற்கும்போது மதகைத் திறந்துவிட்டால்? அதே தண்ணீர்தான், அளவும் குறையவில்லை. வயலில் நெல் முளைத்துப்போகும்.

எங்களுக்கு வந்ததும் தைத் தண்ணீர்தான். கடலோரக் கிராமங்களில் கிணற்று நீரில் உப்பு எப்படி ஏறுகிறது என்று பார்க்கும் திட்டம், மூன்று வருடத்துக்கு. மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை தண்ணீர் பிடித்து வர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். முதல் வருடப் பணம் ஒழுங்காக வந்தது. இரண்டாம் தவணைக்கு யூ.சி. அனுப்பினோம். யூ.சி. என்றால் கொடுத்த பணத்தை இன்னதற்குச் செலவழித்தோம் என்கிற சான்றிதழ். போனது, ஒரு கையெழுத்து குறைகிறது என்று திரும்பி வந்தது. மறுபடி போனது. ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார், அவருக்கு ஏழு மாதம் உதவித்தொகை இல்லை. சாயங்காலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். அந்தக் காசில் பெட்ரோல் போட்டு, டி.வி.எஸ். 50 வண்டியில் கேன்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வருவார். மழை யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காதே!

பணம் வந்தபோது பிப்ரவரி கடைசி. கூடவே ஒரு கடிதம்: மார்ச் 31க்குள் செலவாகாத தொகையைத் திருப்பி அனுப்பவும். ஐந்து வாரம்! அதற்குள் மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டு, எல்-ஒன் யாரோ அவரிடம், அதாவது யார் விலை குறைவோ அவரிடம், வாங்க வேண்டும். ஐந்து வாரத்தில் என்ன வாங்க முடியும்? கடையில் இருப்பதைத்தான். சில்வர் நைட்ரேட் வாங்கினோம். உப்பை அளக்க அது வேண்டும், சரி. வடிதாள் வாங்கினோம் பாருங்கள், நான் ஓய்வு பெற்ற அன்றைக்கும் அலமாரியில் பிரிக்காத கட்டுகள் இருந்தன. எல்-ஒன்னில் ஒரு பி.எச். மீட்டர், அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மையை அளக்கும் கருவி, வந்தது. காலையில் 7.2 காட்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே தண்ணீர் 7.9. எங்கள் லேப் அட்டெண்டர் சொல்வார், "சார், அதுக்கும் ஒரு டீ வாங்கிக் குடுங்க, சரியாயிடும்."

மார்ச் 31 அன்று நயா பைசா மிச்சமில்லை. ஆடிட்டில் ஒரு குறையும் எழுதவில்லை. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

கணக்குக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மக்கள் பணம், கேட்கத்தான் வேண்டும். நாற்காலி வாங்குகிற விதியை வைத்துக்கொண்டு கருவி வாங்கச் சொன்னால்தான் சிக்கல். 2025 ஜூனில் மத்திய அரசு இதைக் கொஞ்சம் தளர்த்தியது. மத்திய ஆராய்ச்சி நிறுவனங்களின் தலைவர்கள் அரசு அலுவலகங்கள் பொருள் வாங்குகிற ஜெம் என்ற இணையச் சந்தைக்கு வெளியிலும் கருவி வாங்கலாம். கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பும் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. நல்ல காரியம். ஆனால் அது வாங்குகிற முறையைத்தான் மாற்றியது, காலண்டரைத் தொடவில்லை.

காரைக்குடிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்குத் தெரிந்த கதை ஒன்று. தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அமைக்க 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்க்காரர்களுக்குச் சிக்ரி, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது. நாலரை வருடம். இந்த மார்ச்சுக்குள் என்ன கண்டுபிடிப்பீர்கள் என்று செட்டியார் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் 1957இல் மறைந்துவிட்டார். அன்றைக்கு இந்த நாட்டில் யார் மின்சாரக் கார் கேட்டார்கள்? இன்று சிக்ரி லித்தியம் அயனி பேட்டரியில் வேலை செய்கிறது.

இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்று 2023இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஐந்து வருடத்தில் 50,000 கோடி என்பது திட்டம். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து, கம்பெனிகளும் கொடையாளர்களும் தர வேண்டியது. இத்தனை அழகப்பர்களை எங்கே போய்த் தேடுவது? வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் கம்பெனி தன் ஆராய்ச்சிக்கூடத்தில் 100 ரூபாய் செலவழித்தால் வருமான வரிக் கணக்கில் 200 ரூபாயாகக் கழித்துக்கொள்ளலாம். 2017இல் அது 150 ஆயிற்று, 2020 ஏப்ரலிலிருந்து வெறும் 100. சலுகையை எடுத்துவிட்டு நன்கொடைக்குக் கை நீட்டுகிறோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட ஒரு லட்சம் கோடி நிதியைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். தனியார் கம்பெனிகளுக்குக் குறைந்த வட்டியில் அல்லது வட்டியே இல்லாமல் நீண்ட காலக் கடன். கடன் என்பதைக் கவனியுங்கள். கிணற்று உப்பை அளப்பவனுக்கு அதில் இடமில்லை. மாணவர் உதவித்தொகையும் 2023இல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக உயர்ந்தது, அதற்கு மகிழ்ச்சி. அது எந்தத் தேதியில் வருகிறது என்று உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பி.எச்டி. படிக்கிற பிள்ளை இருந்தால் கேளுங்கள். வணக்கம்.