தோற்ற பகடை கதையைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா? ‘வளர்க்கிறது’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் மேசை விளையாட்டுப் பிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணியின் முதல் பேச்சாளர் ஒரு பூட்டிய கதவைப் பற்றிச் சொன்னார். ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம் அது. சுரங்கத்துக்குள் ஐந்து பேர், எதிரே ஒரு கதவு, பூட்டைத் திறக்க இருபது முகப் பகடை. உருட்டினார்கள், போதிய எண் விழவில்லை. மறுபடி உருட்டினார்கள், அப்போதும் விழவில்லை. முக்கால் மணி நேரம் அந்தக் கதவு முன்னாலேயே கழிந்தது. “கதவுக்குப் பின்னால் நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய கதை இருந்தது, பகடை அதைக் கொன்றுவிட்டது” என்றார். அதனால் கதையை நடத்தும் கேம் மாஸ்டர், தன் பகடையை மறைக்கும் தடுப்பு அட்டைக்குப் பின்னால் ரகசியமாக உருட்டி, தேவைப்பட்டால் எண்ணை மாற்றிச் சொல்லலாம் என்று முடித்தார். அடுத்துப் பேசிய அக்கா, எட்டு மாதம் வளர்த்த தன் கதாபாத்திரம் பெயர்கூட இல்லாத ஒரு காப்ளினின், அதாவது ஒரு குட்டி அரக்கனின், அம்புக்குச் செத்ததைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அந்த வலியை மனதில் வைத்துத்தான் பேசப் போகிறேன்.

முதலில் கதவு.

நடுவர் அவர்களே, நம் வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடாதவர்கள் இங்கே குறைவு. தாயத்தில் இரண்டு விதமாகத் தோற்கலாம். ஒன்று, தாயமே விழாமல் உட்கார்ந்திருப்பது. கட்டையை உருட்டுவோம், மூன்று விழும், இரண்டு விழும், ஒன்று மட்டும் விழாது. காய் இறங்காது. எல்லோரும் ஆட நாம் வேடிக்கை பார்ப்போம். இன்னொன்று, வெட்டுப்படுவது. பாதி கட்டம் சுற்றி வந்த காயைப் பாட்டி வெட்டிவிட்டுச் சிரிப்பார். காய் மறுபடி வீட்டுக்குள். வயிறு எரியும். ஆனால் அதற்கு அடுத்த நொடியிலிருந்து ஆட்டமே வேறு. பாட்டியின் காய் எங்கே இருக்கிறது, எத்தனை விழுந்தால் பழிவாங்கலாம் என்று கண் அதிலேயே இருக்கும். திண்ணையை விட்டு இறங்கி இருபது வருடம் ஆனாலும் நினைவில் நிற்பது அந்த வெட்டு. தாயம் விழாமல் உட்கார்ந்திருந்த எந்த மதியமும் எனக்கு நினைவில் இல்லை.

எதிரணி நண்பர் பட்ட பாடு தாயம் விழாத பாடு. அதைக் காட்டி வெட்டையும் சேர்த்து ஒழிக்கச் சொல்கிறார்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இந்த வகை ஆட்டத்தை வெளியிட்ட பிறகு இந்தப் பூட்டிய கதவு எத்தனையோ மேசைகளில் வந்திருக்கிறது. அதற்கு விடை தேடியவர்களும் நிறைய. 2007-ல் ராபின் டி. லாஸ் உருவாக்கிய கம்ஷூ என்ற விதிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பறியும் கதைக்கானது. கொலை நடந்த அறையில் முக்கியமான தடயம் இருக்கிறது, அதைத் தேடத் தெரிந்தவர் அங்கே தேடுகிறார் என்றால் தடயம் கிடைத்துவிடும். பகடையே வேண்டாம். ஏன்? தடயம் கிடைக்கவில்லை என்பதில் கதை எதுவும் இல்லை. கிடைத்த தடயத்தை வைத்து அவர்கள் என்ன முடிவுக்கு வருகிறார்கள், யாரைத் தவறாகச் சந்தேகிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அப்புறம், அடிதடி, துரத்தல் என்று உயிருக்கு ஆபத்து வரும் இடங்களில் கம்ஷூவிலும் பகடை உண்டு, தோல்வியும் உண்டு. தோற்றால் எதுவுமே நடக்காது என்றால் அங்கே உருட்டாதே என்கிறது அந்த விதி. எண்ணை மாற்றிச் சொல் என்று சொல்லவில்லை.

2010-ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம், வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் செய்தது, இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடக்கும். ஏழு முதல் ஒன்பது என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை இருக்கும். ஆறும் அதற்குக் கீழும் என்றால் கேம் மாஸ்டர் கை ஓங்கும், ஏதோ ஒன்று உங்கள் மேல் வந்து விழும். கூட்டல் கழித்தல் எதுவும் சேர்க்காமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பகடையில் மொத்தம் 36 விதமாக எண் விழலாம். அதில் சுத்தமான வெற்றி 6 விதத்தில்தான். விலை கொடுத்த வெற்றி 15, தோல்வி 15. அதாவது 36-ல் 30 முறை ஏதோ ஒரு சிக்கல் முளைக்கிறது. ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற பதிலுக்கு அங்கே இடமே கிடையாது. இந்த வழியில் 2012-ல் வந்த டஞ்சன் வேர்ல்டில் ஆறோ அதற்குக் கீழோ விழுந்தால் கையோடு ஒரு அனுபவப் புள்ளி எழுதிக்கொள்ள வேண்டும். விழுந்து எழுந்தவன் கற்றுக்கொள்கிறான் என்று விதியே சொல்கிறது.

உடனே எதிரணியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. “தோற்றாலும் கதை நகர்ந்துகொண்டே இருக்கும் என்றால் அது என்ன தோல்வி? வெற்றிக்கு வேறு பெயர் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதானே?” நல்ல கேள்வி. பல மேசைகளில் அப்படித்தான் நடக்கிறது. பூட்டைத் திறக்க முடியவில்லை, ஆனாலும் திறந்துவிட்டது, விரலில் ஒரு சின்னக் கீறல் என்று முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்பவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். விலை என்றால் வலிக்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் ஆடியது ஒரு திருடி. சிறைக் காவலாளி தூங்குகிறான், இடுப்பில் சாவி. எடுக்கப் போனேன். பகடையில் ஒன்று விழுந்தது. எங்கள் கேம் மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “சாவி உன் கையில் இருக்கிறது. அவன் கண் திறந்துவிட்டது. உன் முகத்தைப் பார்க்கிறான். கத்தவில்லை. சின்ன வயதில் உன் அம்மா வைத்துக் கூப்பிட்ட பெயரைச் சொல்லி, ‘நீயா?’ என்று கேட்கிறான்.” மேசையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தத் திருடிக்கு ஊர் எது, அவள் ஏன் ஓடிவந்தாள் என்றெல்லாம் நான் அதுவரை யோசித்ததே கிடையாது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. சாவி கிடைத்தது உண்மை. ஆனால் அன்றிலிருந்து அவள் முகம் தெரிந்த ஒருவன் நகரத்துக்குள் உயிரோடு இருந்தான். கடைசியில் எங்கள் குழுவில் இருவர் பிடிபட்டது அவனால்தான். அன்று இருபது விழுந்திருந்தால் சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிருப்போம்.

இப்போது ரகசியமாக எண்ணை மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையான கோபம்.

வேறொரு குழுவில் ஒரு வருடம் ஆடினேன். கேம் மாஸ்டர் நல்ல மனிதர், எங்கள் மேல் பாசம் உள்ளவர். அந்த ஆட்டத்தில் ஒரு டிராகனைக் கொன்றோம். ஒரே ஒரு அடி மிச்சம் இருந்தபோது அது திருப்பி அடித்தது, அவர் அட்டைக்குப் பின்னால் உருட்டினார், “தவறிவிட்டது” என்றார். நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். பல மாதம் கழித்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார், அன்று விழுந்தது பத்தொன்பது என்று. எங்களைக் காப்பாற்றத்தான் மாற்றிச் சொன்னாராம். நடுவர் அவர்களே, அந்த டிராகன் எனக்கு அந்த நொடியில் செத்தது. அதற்கு முன் ஜெயித்த எல்லா சண்டையையும் மனம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பாலத்தில் தப்பித்தோமே, அதுவும் அவர் கொடுத்ததா? அந்த விஷத்திலிருந்து பிழைத்தோமே, அதுவுமா? தோல்வியை ஒரு முறை ஒளித்தார், ஒரு வருட வெற்றி கையை விட்டுப் போனது. மன்னிக்க வேண்டும் என்றால் எல்லோருக்கும் தெரிய மன்னிக்கலாம். கால் ஆஃப் குதுலு என்ற ஆட்டத்தின் ஏழாம் பதிப்பில் அதற்கு வழி இருக்கிறது. தோற்ற பகடையை மறுபடி உருட்டலாம், ஆனால் இந்த முறை வேறு என்ன செய்கிறாய் என்று சொல்ல வேண்டும், மறுபடி தோற்றால் விளைவு முன்னைவிட மோசம். ஆசை காட்டி, ஆபத்தையும் காட்டி, முடிவை ஆடுபவர் கையில் கொடுக்கிறது.

அக்காவுக்குச் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், ஒரு கதாபாத்திரத்துக்கு மிச்சமுள்ள உயிரைக் காட்டும் உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் உடனே சாவு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தும் அதற்கு மேலும் வந்தால் ஒரு வெற்றி, கீழே விழுந்தால் ஒரு தோல்வி. எது முதலில் மூன்று சேர்கிறதோ அதுதான் முடிவு. ஒன்று விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. இருபது விழுந்தால் கண் திறந்து எழுந்துவிடலாம். என் திருடி அந்த நகரத்தின் மதில் மேல் விழுந்து கிடந்தாள். எங்கள் கேம் மாஸ்டர் அட்டையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, “எல்லோரும் பார்க்க உருட்டு” என்றார். பன்னிரண்டு. நான்கு. பதினைந்து. ஏழு. இரண்டுக்கு இரண்டு. ஒரே ஒரு பகடை மிச்சம். அவளைத் தூக்க இரண்டு பேர் ஓடிவந்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு இன்னும் ஒரு சுற்று வேண்டும். ஐந்தாவது உருட்டலில் விழுந்தது ஒன்பது.

அன்றிரவு வீட்டுக்குப் போய் அழுதேன். அக்கா, நீங்களும் அழுதிருப்பீர்கள். ஆனால் அந்தக் காப்ளினுக்கு அன்றைக்குப் பெயர் இல்லாமல் போனதற்குப் பகடை என்ன செய்யும்? அடுத்த வாரம் உங்கள் குழு அந்த அம்பைப் பிடுங்கிப் பார்த்ததா? யாருடைய அம்பு என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்றால், உங்கள் மேசை உங்களுக்கு ஒரு கதை பாக்கி வைத்திருக்கிறது.

எங்கள் மேசையில் கேட்டார்கள். திருடியைத் தூக்க ஓடிவந்து தாமதமான அந்த இருவரில் ஒருவன், அவள் கத்தியை இன்றுவரை இடுப்பில் வைத்திருக்கிறான். பூட்டு எதைப் பார்த்தாலும் அவளைப் போலவே முதலில் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் திறக்கிறான். திறக்காத பூட்டும் இருக்கிறது. அப்போதும் தட்டுகிறான்.

மணி அடித்துவிட்டது. வாய்ப்புக்கு நன்றி, நடுவர் அவர்களே. வணக்கம்.