எந்த குரூப் எடுப்பது?

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் பாளையங்கோட்டையில் எந்தப் பள்ளி வாசலிலும் ஒரே பேச்சுதான். "எம்மவனுக்கு பர்ஸ்ட் குரூப் கிடைச்சிருமா சார்?" கணினி ஆசிரியராக இருந்த காலத்தில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. பையனுக்கு என்ன பிடிக்கும் என்ற பேச்சே வராது. பையன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பான்.

1978-இல் பிளஸ் டூ வந்தது. அதற்கு முன்னால் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பைப் படிக்கக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். பயாலஜி என்றால் டாக்டர், கணக்கு என்றால் இன்ஜினியர், மார்க் வராதவனுக்கு காமர்ஸ், அதுவும் இல்லையென்றால் வொகேஷனல், அதாவது தொழிற்கல்வி என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்த வரிசை எப்போதோ குலைந்துபோனது தெரியும்.

2018-19-இல் பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. அடுத்த வருஷம் பன்னிரண்டுக்கு. இப்போது கணினிப் பாடம் மூன்று விதம். அறிவியல் பிரிவுக்குக் கணினி அறிவியல். பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைதான் என்று புரோகிராம் எழுதும் மொழிகள். வணிகவியல் பிரிவுக்குக் கணினிப் பயன்பாடுகள். அதில் வலைத்தளம் செய்ய உதவும் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், அப்புறம் பி.எச்.பி. தொழிற்கல்விப் பிரிவுக்குக் கணினித் தொழில்நுட்பம். ஆக, காமர்ஸ் எடுத்த பிள்ளை கணக்குப்பதிவியலும் படிக்கிறாள், ஒரு வலைத்தளம் எழுதவும் கற்கிறாள். டவுன் ரத வீதியில் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை எல்லாம் ஜி.எஸ்.டி. கணக்கைக் கம்ப்யூட்டரில் போடுகிற காலம் இது. அவளைப் போய் 'மார்க் வராதவள்' என்று சொல்வதா?

வகுப்பறைக் கருவிகளுக்கு வருவோம். புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு வந்தது, 2019-இல் கல்வி தொலைக்காட்சி வந்தது, ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு, பாடம் படிக்க மணற்கேணி செயலி என்று வரிசையாக வந்தன. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை எத்தனை கலர் சாக்பீஸால் வரைந்தாலும் காட்ட முடியாது. திரையில் ஒரு நிமிஷம் போதும். ஆனால் விளக்கை அணைத்துப் பாடம் முழுக்கப் படமாக ஓட்டினால் கடைசி பெஞ்சு நிம்மதியாகத் தூங்கும். கணினிப் பாடத்துக்கோ ஸ்மார்ட் போர்டு பாதி உதவிகூட இல்லை. விரல் கீபோர்டில் பட வேண்டும். ஒரு செமிகோலன் விட்டுப்போய், எர்ரர் வந்து, தப்பு எந்த வரியில் என்று இரண்டு பிள்ளைகள் மண்டையைக் குடைந்து கண்டுபிடிக்கும்போதுதான் புரோகிராம் மனசில் ஏறும். ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குவதில் ஏறாது. இருக்கிறது ஒரு லேப், கேட்கிற வகுப்புகளோ பல. முதலில் அடிபடுவது பிராக்டிகல் பிரியடுதான். செய்முறைக்கு 20 மார்க், எழுத்துத் தேர்வுக்கு 70 என்னும்போது யாருக்கும் அது பெரிய நஷ்டமாகவும் தெரிவதில்லை.

இன்னொரு கவலை. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தும் பழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26 முதல் அது ரத்து. பிள்ளைகளுக்கு ஒரு வருஷ மூச்சு கிடைத்தது, சரி. பழைய பழக்கம் திரும்பினால் சி பிளஸ் பிளஸைத் தொடாமலே பைதானுக்குப் போவான் பையன்.

வொகேஷனல் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணகுடி, காவல்கிணறு பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின் சோதிக்கிறார்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி முழுக்கத் தாமிரபரணிப் பாசனம். தொழிற்கல்விப் பிரிவில் இருக்கிற அடிப்படை இயந்திரவியலும் வேளாண் அறிவியலும் தேவைப்படுகிற ஊர் நம்மைவிட வேறு எது? அந்தப் பிரிவில் சேர்ந்தால் மேலே படிக்க வழியில்லை என்பதும் உண்மையல்ல. பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம்.

அட்மிஷனுக்குப் போகிறவர்கள் ஸ்மார்ட் போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை கம்ப்யூட்டர் ஓடுகிறது, வாரத்துக்கு எத்தனை பிரியடு பிள்ளைகள் அங்கே உட்காருகிறார்கள், அந்தப் பாடத்துக்கென்று ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படியே, உங்கள் பிள்ளையிடமும் எந்த குரூப் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.