பக்கத்து வீட்டின் இரவைத் தானம் செய்ய யாருக்கு உரிமை?

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, லண்டன் குளிரையும் பொருட்படுத்தாமல் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் அவையோரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பப்பில் நடக்கும் கேளிக்கையும் அறக்கொடை நிகழ்ச்சியும் முதன்மையா, அயலவரின் அமைதி முதன்மையா என்பது இன்று நம்முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. அயலவரின் அமைதியே முதன்மை என்று வாதாட வந்திருக்கிறது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பிரித்தானியாவின் பப்கள் ஆண்டுதோறும் 10 கோடி பவுண்டுக்கு மேல் அறப்பணிகளுக்குத் திரட்டித் தருகின்றன என்ற பப்எய்ட் அமைப்பின் கணக்கை எடுத்துவைத்தார். 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 60,000 ஆக இருந்த பப்கள் இன்று 45,000 என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டதைக் கவலையோடு சொன்னார். பப்புக்குப் பக்கத்தில் வீடு வாங்கியவர் அதன் சத்தத்தையும் சேர்த்தே வாங்கினார் என்று முடித்தார். முதல் இரண்டையும் நான் மறுக்கப் போவதில்லை. அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஒரு கிராமத்தில் தபாலகமும் கடையும் மூடப்பட்ட பிறகு மனிதர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் கடைசி இடமாகப் பப் மட்டுமே எஞ்சியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். மூன்றாவது வாதத்துக்கான பதிலைப் பின்னர் சொல்கிறேன்.

எங்கள் அணியின் வாதம் ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது, நடுவர் அவர்களே. அந்தச் சொல் கொடை. கொடை என்றால் ஒருவர் தம்முடையதைத் தாமாக விரும்பிக் கொடுப்பது. பப் நடத்துபவர் தம் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தால் அது கொடை. பாடகர் சம்பளம் வாங்காமல் பாடினால் அது கொடை. பரிசுக் குலுக்கலுக்கான ரஃபிள் சீட்டு வாங்குபவர் தம் ஐந்து பவுண்டைக் கொடுத்தால் அதுவும் கொடைதான். ஆனால் சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் மனிதரின் உறக்கத்தை அவரைக் கேளாமல் எடுத்து, அதையும் அன்றைய நிகழ்ச்சியின் செலவுக் கணக்கில் சேர்த்துவிட்டால், அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை எதிரணியினர்தாம் சொல்ல வேண்டும்.

என் தங்கையின் கதையை இங்கே சொல்ல அவளிடம் அனுமதி வாங்கியே வந்திருக்கிறேன். அவள் ஒரு வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறாள். அவளுடைய வீட்டின் பின்வளவும் ஒரு பப்பின் தோட்டமும் ஒரே வேலியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் ஓகஸ்ட் மாதச் சனிக்கிழமை, அந்தத் தோட்டத்தில் கூடாரம் அடித்து, மேடை போட்டு, அறக்கொடைக்கான இசை இரவு ஒன்றை நடத்தினார்கள். பிற்பகலில் தொடங்கியது நள்ளிரவையும் தாண்டியது. மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவள் வார்ட்டில் நிற்க வேண்டும். யன்னலைத் திறந்தால் பாட்டு, மூடினால் வெக்கை. கடைசியில் கூடத்துத் தரையில் பாயை விரித்து இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று திரட்டப்பட்ட பணம் யாருக்கென்று பிறகுதான் அவளுக்குத் தெரிய வந்தது. அவள் வேலை செய்யும் அதே வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு! அந்த நோயாளிகளுக்கு மருந்தை அளந்து கொடுக்க வேண்டிய கையிலிருந்து உறக்கத்தைப் பறித்துத்தான் அந்த நோயாளிகளுக்கே பணம் சேர்த்தார்கள். யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை நான் அறிவேன். யாரும் கேட்கவில்லை என்பதே என் மனக்குறை.

ஒரு நாள்தானே, சற்றுச் சகித்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒலியின் கணக்கைக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன். திறந்தவெளியில் ஒலிபெருக்கியிலிருந்து விலக விலக, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 1 மீற்றரில் 100 டெசிபெல் இருந்தால் 32 மீற்றரில் 70 இருக்கும். கூடாரத் துணி இதைத் தடுக்காது. கோடையில் சற்றுத் திறந்துவைத்த யன்னல் 10 முதல் 15 டெசிபெல் வரையே குறைக்கும். ஆகவே கட்டிலில் படுத்திருப்பவரின் காதுக்குக் குறைந்தது 55 டெசிபெல் வந்து சேர்கிறது. உறக்கம் கெடாமலிருக்கப் படுக்கையறைக்குள் 30 டெசிபெல் என்பதே உலகச் சுகாதார அமைப்பு 1999இல் சொன்ன அளவு. இடையில் இருப்பது வெறும் 25 டெசிபெல் என்று எண்ணிவிடாதீர்கள். ஒலியின் ஆற்றலில் அது 300 மடங்குக்கும் மேல். யன்னலை இறுக மூடினாலும், இசைக்குழுக்கள் பேஸ் என்று சொல்லும் அந்தக் கனத்த ஒலி உள்ளே வந்துவிடுகிறது. அந்த வகையைச் சேர்ந்த 50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர். அவ்வளவு நீண்ட அலையை யன்னல் கண்ணாடியால் தடுத்து நிறுத்த முடியாது. பாடலின் சொற்கள் வெளியே நின்றுவிட, அதன் அடி மட்டும் சுவர் வழியாக வந்து நெஞ்சில் இடிப்பதை அனுபவித்தவர்கள் இந்த அவையிலும் பலர் இருப்பீர்கள்.

இன்னொரு மாற்றத்தையும் எதிரணியினர் சொல்லாமல் விட்டார்கள். இங்கிலாந்தில் 2007 யூலை 1ஆம் திகதி, மூடிய பொது இடங்களில் புகைப்பது தடை செய்யப்பட்டது. நல்ல சட்டம், நான் முழு மனத்தோடு வரவேற்கும் சட்டம். ஆனால் அதுவரை நான்கு சுவருக்குள் நடந்த பேச்சும் சிரிப்பும் அன்றிலிருந்து தோட்டத்துக்கும் நடைபாதைக்கும் இடம்பெயர்ந்தன. பழைய பப்பின் தடித்த செங்கற்சுவர் தந்த பாதுகாப்பை அயலவர் இழந்தார்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னார். அந்தச் சட்டத்தைச் சற்று விரித்துப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டின் உரிமம் வழங்கற் சட்டம் பொதுத்தொல்லையைத் தடுப்பதைத் தன் நான்கு நோக்கங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆயினும் 2012 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த நேரடி இசைச் சட்டம், மது பரிமாறும் உரிமம் பெற்ற இடங்களில் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை, 200 பேர் வரையிலான கூட்டத்துக்கு, ஒலிபெருக்கியோடு கூடிய இசைக்கும் தனி அனுமதி தேவையில்லை என்றது. 2015 ஏப்ரலில் அந்த 200 என்பது 500 ஆயிற்று. 11 மணிக்கு மேலும் தொடர விரும்பினால், தற்காலிக நிகழ்ச்சி அறிவித்தல் என்ற ஒரு படிவம் இருக்கிறது. கட்டணம் 21 பவுண்ட், பத்து வேலை நாள் முன்னறிவிப்பு, 499 பேர் வரை. ஓர் இடத்தில் ஆண்டுக்கு 15 முறை, மொத்தம் 21 நாள் வரை நடத்தலாம். அதற்கு ஆட்சேபம் சொல்லும் உரிமை இருவருக்கே உண்டு: ஒன்று காவல்துறை, மற்றது உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு. வேலிக்கு இப்பால் இருக்கும் மனிதருக்கு அந்த உரிமை இல்லை. அவருக்குத் தகவல் சொல்லும் கடமைகூட யாருக்கும் விதிக்கப்படவில்லை. எவருடைய இரவு போகப்போகிறதோ அவர் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் செய்தி போகிறது.

அது நடந்த பிறகு முறையிட வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், இரைச்சல் தொல்லை என்று கவுன்சில் உறுதி செய்தால், தொல்லையைத் தணிக்குமாறு ஆணையிடும் தணிப்பு அறிவித்தல் கொடுத்தாக வேண்டும். அறப்பணிக்காக எழுப்பப்படும் ஓசைக்கு அந்தச் சட்டம் எந்த விலக்கும் தரவில்லை என்பதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். வணிகம் நடத்துபவர், நடைமுறையில் இயன்ற சிறந்த வழிகளை எல்லாம் செய்துவிட்டேன் என்று நிரூபித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு; அந்தப் பாதுகாப்புக்கூட, முதலில் செய்ய வேண்டியதைச் செய், பிறகு பேசு என்றுதான் சொல்கிறது. ஆனால் இவையெல்லாம் வாரங்களையும் மாதங்களையும் விழுங்கும் வழிகள். எந்த நேரத்தில் சத்தம் தொடங்கியது, எப்போது நின்றது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் நண்பர்களுடைய பெற்றோரெல்லாம் கூடும் இடத்தின்மீது புகார் கொடுத்தவர் என்ற பெயரோடு அந்தத் தெருவில் நடமாட வேண்டும். புகார் வரவில்லை என்பதால் தொல்லை இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

இனி, தெரிந்துதானே வீடு வாங்கினாய் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த நாட்டு நீதிமன்றங்கள் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டன. லண்டன் விக்மோர் வீதியில் ஓர் இனிப்புத் தயாரிப்பாளர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உரலில் இடித்து வந்தார். பக்கத்து வைத்தியர் பின்னாளில்தான் தம் தோட்ட எல்லையில் ஆலோசனை அறையைக் கட்டினார். ஆயினும் 1879இல் வழக்கு வைத்தியருக்கே சாதகமாக முடிந்தது. தொல்லை இருந்த இடத்துக்குத் தாமே வந்தவர் என்பது மட்டும் எதிர்வாதம் ஆகாது என்ற நிலையை 2014இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நியாயமான ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். பழைய இசைக்கூடத்தின் சுவரை ஒட்டிப் புதிய அடுக்குமாடி எழுப்பும் கட்டுநர், ஒலித்தடுப்புச் செலவைத் தாமே ஏற்க வேண்டும். மாற்றத்தைக் கொண்டுவருபவரே பொறுப்பு என்ற அந்தக் கொள்கை 2018 யூலையில் இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கையில் இடம்பெற்றது. அதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கொள்கையின் உள்ளத்தை எல்லாப் பக்கமும் பொருத்திப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாக அமைதியாக இருந்த ஒரு பப், இந்த ஆண்டு தோட்டத்தில் மேடை போட்டால், அங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தவர் யார்? அங்கேயே முதுமை அடைந்த பக்கத்து வீட்டுப் பெரியவரா?

மன்செஸ்டரின் நைட் அண்ட் டே கஃபே வழக்கை எதிரணியினர் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லக்கூடும். 2021 நவம்பரில் அந்த இசைக்கூடத்துக்குக் கவுன்சில் தணிப்பு அறிவித்தல் கொடுத்தபோது நாடெங்கும் இசை விரும்பிகள் கொதித்தார்கள். சுவரைப் பகிரும் குடியிருப்பில் போதிய ஒலித்தடுப்பு இல்லாமல் போனதில் திட்ட அனுமதி தந்தவர்களின் பொறுப்பும் பேசப்பட்டது, அது நியாயமே. ஆயினும் 2024இல் தீர்ப்பு வந்தபோது, மாலை நேர நேரடி இசையையும் பின்னிரவு டிஜே நிகழ்ச்சிகளையும் நீதிமன்றம் ஒரே தட்டில் வைக்கவில்லை. குறைக்க வேண்டியது பின்னிரவு ஒலியே என்பதுதான் அதன் போக்கு. இசை வாழவும் அயலவர் உறங்கவும் இடமுண்டு என்று எங்கள் அணி சொல்வதும் இதையேதான்.

நம் சொந்த அனுபவமும் இதற்குச் சான்று. ஈலிங் கனகதுர்க்கை அம்மன் ஆலயத் தேர் ஒவ்வோர் ஓகஸ்டிலும் மேற்கு ஈலிங் வீதிகளில் ஆயிரக்கணக்கானோருடன் வருகிறது. நம் பக்தியில் என்ன குறை? அது பகலில் வருகிறது. ஒரு தெருவே சிறிது நேரம் நமக்காக ஒதுங்கி நிற்கிறது என்ற உணர்வோடு நாம் நடக்கிறோம்.

என் தங்கையின் கதையில் ஒரு பகுதி மீதம் இருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகு அவள் கவுன்சிலுக்கு எழுதவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, சீருடையோடு அந்தப் பப்புக்குப் போய், நடத்துபவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தாராம். அடுத்த ஆண்டு, நிகழ்ச்சிக்கு மூன்று கிழமை முன்னரே, வேலியை ஒட்டிய ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு கடிதம் விழுந்தது. தொடங்கும் நேரம், முடியும் நேரம், அன்று முழுவதும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி இலக்கம், மூன்றும் அதில் இருந்தன. நிகழ்ச்சி ஞாயிறு பகல் 2 மணிக்குத் தொடங்கி மாலை 8 மணிக்கு நின்றது. ஒலிபெருக்கிகள் வீடுகளுக்கு முதுகைக் காட்டிக் கட்டடத்தை நோக்கி நின்றன. கனத்த ஒலியைக் குறைத்து வைத்திருந்தார்கள். தோட்டத்தில் எஞ்சியவர்களை ஒன்பது மணிக்கு உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்கள். திரண்ட பணம் முந்திய ஆண்டைவிடக் குறையவில்லை என்று அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார்.

நடுவர் அவர்களே, அன்று என் தங்கை வேலியைச் சுற்றி நடந்துபோய் பத்து ரஃபிள் சீட்டு வாங்கினாள். முந்திய ஆண்டு அவளிடமிருந்து கேளாமல் எடுத்தார்கள். இந்த ஆண்டு அவளாகவே கொண்டுபோய்க் கொடுத்தாள். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின்மீது உங்கள் தீர்ப்பை எழுதுமாறு எங்கள் அணியின் சார்பில் வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.