ஆளில்லாத தோட்டத்தில் ஒரு போர்

(மலேசியாவின் சிலிம் ரிவரில், கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மேளக்காரத் தம்பிகள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். உறுமி என்றால் உங்களுக்கு என்ன? வளைந்த குச்சியால் தேய்த்துத் தேய்த்துச் சாமியை வரவழைக்கும் மேளம். என் தங்கை பேரன் கம்ப்யூட்டரில் ஆடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற போர் விளையாட்டில் உறுமி என்றால் சாட்டைபோல வளையும் வாள். 2022இல் அந்த விளையாட்டில் திராவிடர் என்று ஒரு படையைச் சேர்த்தார்கள். அதன் சிறப்புக் காலாட்படை உறுமி வீரர்கள்தான். மலையாளத்தில் அந்த வாளுக்கு அதுதான் பெயர். நம் சிலம்ப வாத்தியார்கள் சுருள்வாள் என்பார்கள். பேரன் என்னிடம் வந்து, "தாத்தா, நம்ம ஆளுங்க மேளத்தாலயா சண்டை போட்டாங்க?" என்று கேட்டான். இன்றைய பேச்சு அங்கேதான் பிறந்தது.

சுருள்வாள் வீசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீசுகிறவனைச் சுற்றி யாருமே நிற்க முடியாது. நூறு பேரை வரிசையாக நிறுத்தி அதைக் கையில் கொடுத்தால், எதிரிக்கு முன்னால் பக்கத்தில் நிற்கிறவன் விழுவான். தனி ஆள் வித்தை அது. அதைப் படையாக்கியது விளையாட்டுச் செய்தவர்களின் ஆசை.

அவர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. அதே விளையாட்டில் ராஜேந்திர சோழனின் கதையும் இருக்கிறது. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி கடாரப் படையெடுப்பைச் சொல்லும்போது அலைகடல் நடுவில் பல கலம் செலுத்தியதாகச் சொல்கிறது. பல கலம், அவ்வளவுதான். எத்தனை, எப்படிப்பட்டவை, ஒன்றில் எத்தனை பேர் என்று ஒரு சொல் கிடையாது. கல்வெட்டுக்கு அது போதும். விளையாட்டு செய்கிறவன் "பல கலம்" என்று எழுதிவிட்டுப் போக முடியாதே. பாய்மரத்துக்கு என்ன நிறம் என்றுகூட அவன் முடிவு செய்தாக வேண்டும். அதனால் தெரியாததையும் தெரிந்ததுபோல வரைகிறான். சினிமாக்காரருக்கும் அதே கஷ்டம்தான். இரண்டு படையும் ஓடிவந்து ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஆளுக்கொரு ஜோடியாகச் சண்டை போடுவதை எல்லாப் படத்திலும் பார்க்கிறோம். நிஜத்தில் வரிசை கலைந்தால் படை தோற்றது என்று அர்த்தம். இதையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன். சட்டைப் பொத்தான் தப்பு, துப்பாக்கி மாடல் தப்பு என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. அதைச் சொல்ல இந்த ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது.

இரண்டாம் உலகப் போர், 1942 ஜனவரி 7. விடிய இன்னும் நேரம் இருக்கிறது, நிலா வெளிச்சம். வடக்கே துரோலாக் பக்கமிருந்து ஜப்பானிய டாங்கிகள் பெரிய சாலையிலேயே இறங்கி வந்தன. சாலையில் தடுப்பு வைத்திருந்தார்கள். ஆனால் முன்பு சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் மரங்களுக்கு நடுவே அப்படியே கிடந்தன. டாங்கிகள் அதற்குள் நுழைந்து தடுப்புக்குப் பின்பக்கம் ஏறிவிட்டன. எதிரே நின்ற பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை. மலாயாவின் வடகோடியில் ஜித்ராவில் அடிபட்டு, ஏறக்குறைய ஒரு மாதமாகப் பின்வாங்கிக்கொண்டே வந்த படை அது. தூக்கம் கண்டு எத்தனையோ நாள். குளூனி தோட்டத்துப் பக்கம் நடந்துபோன கூர்க்காக்கள் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் டாங்கி. காலை 9 மணிக்குள் சிலிம் ஆற்றுப் பாலம் ஜப்பானியர் கையில். 3,000 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். நான்கே நாளில் கோலாலம்பூரும் போனது.

இதை விளையாட்டாக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். விளையாட்டு என்றால் இரண்டு பக்கமும் ஜெயிக்க வாய்ப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியவன் திட்டுவான். அதனால் செய்கிறவர்கள் இங்கே கொஞ்சம் கூட்டி, அங்கே கொஞ்சம் குறைத்துத் தராசைச் சமன் செய்கிறார்கள். உண்மையில் போர் நடத்துகிறவன் தராசைச் சாய்க்கத்தான் பாடுபடுகிறான். எதிரி தூங்கும்போது வருவது, அவனிடம் இல்லாததைக் கொண்டுவருவது, இதுதான் அவன் வேலை. விளையாட்டிலுள்ள பெரிய சரித்திரப் பிழை அந்தச் சமன்தான். துப்பாக்கியை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் அது சரியாகாது.

அப்புறம் ஆட்கள். அன்றைக்கு இங்கே ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒரு பட்டாளம் இருந்தார்கள், மறுக்கவில்லை. மற்றபடி பஞ்சாபிகள், ஹைதராபாத் பட்டாளம், கூர்க்காக்கள். படைப் பிரிவின் பெயரே 11ஆவது இந்தியப் பிரிவு. மலாயாப் போர் என்றால் திரையில் வெள்ளைத் தொப்பிகள் மட்டும் தெரிவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட, இந்த ரப்பர் மரங்களுக்கு நடுவே லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், படுத்திருந்தவர்கள் யார்? நம் ஆட்கள். விளையாட்டு வரைபடத்தில் மரம் இருக்கும், சாலை இருக்கும், பாலம் இருக்கும். லயத்தில் ஆள் இருக்க மாட்டான். இருந்தால் ஆடுகிறவன் அவனையும் சுட்டுவிடுவானே என்ற பயமாக இருக்கலாம். காரணம் எதுவோ, தோட்டம் காலி.

இப்படிக் காலியானதில் பெரியது சயாம், இன்றைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதையைச் சொல்கிறேன். குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி 1957இல் வந்த ஆங்கிலப் படம் உங்களுக்குத் தெரியும். ஏழு ஆஸ்கார் வாங்கியது. எடுத்தது இலங்கையில், கிதுல்கலவில். படத்தில் பாலம் மரப்பாலம், கடைசியில் கமாண்டோக்கள் வெடி வைக்கிறார்கள். நிஜத்தில் முதலில் மரப்பாலமும் பிறகு இரும்புப் பாலமும் கட்டினார்கள்; 1945இல் விமானம் குண்டு போட்டது; பழுதுபார்த்த இரும்புப் பாலத்தில் இன்னும் ரயில் ஓடுகிறது. இன்னொரு வேடிக்கை, அங்கே ஓடிய ஆற்றின் பெயர் மே குளோங். படம் பார்த்துவிட்டுச் சுற்றுலாக்காரர்கள் குவாய் எங்கே குவாய் எங்கே என்று கேட்டார்கள். 1960களில் அந்தப் பகுதிக்குத் தாய்லாந்தில் குவாய் என்றே பெயரை மாற்றிவிட்டார்கள். ஒரு படத்தின் பிழை வரைபடத்தில் ஏறிவிட்டது! 2003இல் வந்த மெடல் ஆஃப் ஹானர் விளையாட்டிலும் அந்தப் பாலத்தின் பெயரில் ஒரு கட்டம் உண்டு. அங்கே நாம் ஓர் அமெரிக்க மரைன்.

அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகள் 60,000 சொச்சம். 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் புல் வெட்டிப் பராமரிக்கும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, கல்லுக்குக் கல் பெயர் இருக்கிறது. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் தொழிலாளிகளாகக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காலரா, மலேரியா, பட்டினி. அந்தப் படத்தில் அவர்களைத் தேடிப் பாருங்கள்.

என் பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர். பாட்டி ரயில் பாதை என்றோ தண்டவாளம் என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. "சயாமுக்குப் போனாரு" என்பார், மரவள்ளிக்கிழங்கைத் தொலித்துக்கொண்டே. அதற்குமேல் கேட்டால் எழுந்துபோய்விடுவார்.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். ஒரு வாரம் என் பக்கம் வரவில்லை. வந்தபோது சொன்னான், அந்த விளையாட்டிலேயே சொந்தமாக வரைபடம் செய்துகொள்ள வழி இருக்கிறதாம். சிலிம் ரிவரைச் செய்துகொண்டிருக்கிறானாம். அதில் டாங்கி கிடையாது, யானையைத்தான் வைத்திருக்கிறான். சரித்திர ஆசிரியர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆறும் பாலமும் பழைய வளைவுச் சாலையும் வந்துவிட்டன. நேற்று ராத்திரி கேட்டான், "லயம் எத்தனை வைக்கிறது, தாத்தா? எந்தப் பக்கம் வைக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. பையன் மூன்றாம் வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான், நீலச் சட்டை. ஜப்பான்காரன் காலத்தில் எந்த லயம் எங்கே இருந்தது என்று வீட்டில் கேட்டறிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், தேநீர் குடித்துவிட்டுக் கொஞ்சம் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.