மிரளும் குதிரையை வெளிப்பாதையில் ஓட்டுவது

[காட்சி: அவிசாவளைப் பக்கத்து இறப்பர் தோட்டம். மண்பாதையில் செந்நிறக் குதிரை ஒன்று நடந்து வருகிறது.]

மரத்துக்கு மரம் மழைக்காகக் கட்டிய பொலித்தீன். காற்று வீசுகிறது, அது படபடக்கிறது. அடுத்த கணம் குதிரை பாதையின் மறுபக்கத்தில் நிற்கிறது.

இதைப் பிடிவாதம் என்று நினைத்துச் சவுக்கை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அடித்தால் பொலித்தீனோடு வலியும் சேர்ந்து குதிரையின் நினைவில் பதிந்துவிடும். அடுத்த முறை அந்த இடத்துக்கு வரும் முன்பே உடம்பு இறுகும்.

[காட்சி: கொழும்பு ரீட் அவெனியூ, பழைய பந்தயத் திடலின் பார்வையாளர் மண்டபம்.]

கொழும்புக்குக் குதிரை புதிதல்ல. காலிமுகத்திடலில் பந்தயம் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1893இல் அது கறுவாத்தோட்டத்தில் உள்ள இந்தத் திடலுக்கு மாறியது. இன்று இங்கே ரக்பி விளையாடுகிறார்கள். நகரத்து நெரிசலில் குதிரை ஓட்ட இடமில்லை. பயிற்சித் திடலில் பழகியவர்கள் ஹோமாகம, பாதுக்கைப் பக்கத்து ஒழுங்கைகளைத் தேடிப் போகிறார்கள். திடலுக்குள் சாதுவாக நடந்த குதிரை அங்கே போனதும் ஆளே மாறிவிடுகிறது.

ஏன்?

[காட்சி: குதிரையின் கண், மிக அருகில்.]

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. குதிரையின் கண் உண்மையிலேயே வேறு விதமாகப் பார்க்கிறது. தலையின் இருபுறமும் கண்கள் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வரை அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. சின்ன அசைவையும் சட்டென்று பிடித்துவிடும். ஆனால் அசைவது என்ன என்பது நமக்குத் தெரிகிற அளவு கூர்மையாகத் தெரியாது. பற்றைக்குள் அசைவது வேட்டை விலங்கா, வெறும் காற்றா என்று நின்று பார்த்த குதிரைகள் ஒரு காலத்தில் இரையாகிப்போயின. முதலில் ஓடியவை பிழைத்தன. இன்றைய குதிரைகள் அவற்றின் வாரிசுகள்.

இன்னொன்று, வெயிலிலிருந்து நிழலுக்குள் போகும்போது அதன் கண் நம் கண்ணைவிட மெதுவாகத்தான் பழகும். நண்பகல் வெயிலில் வந்து நேரே மரநிழலுக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரத்துக்கு அரைக்குருடுதான். அந்த இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். கடிவாள வாரைத் தளர்த்தி, தலையை உயர்த்தித் தாழ்த்திப் பார்க்க விடுங்கள்.

காது நமக்கு ஓர் உதவி. இரண்டு காதுகளும் தனித்தனியே திரும்பும். பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோ பீத்தோவனின் இசையோடு வளைவுக்கு அப்பால் வரும்போதே, உங்களுக்குக் கேட்கும் முன் ஒரு காது அந்தப் பக்கம் போய்விடும். அப்புறம் கழுத்து விறைக்கும், முதுகு இறுகும். மிரளல் அதற்குப் பிறகுதான். காது திரும்பிய அந்த நேரத்திலேயே வேலையைத் தொடங்குபவர்தான் நல்ல சவாரிக்காரர்.

[காட்சி: மடித்த குடையோடு ஒருவர் பாதையோரம் நிற்கிறார்.]

முதல் வேலை உங்கள் உடம்பில். 2009இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குதிரையோடு ஒரே தூரத்தைச் சிலர் பலமுறை கடந்தார்கள். கடைசி முறைக்கு முன், குதிரை கடக்கும்போது குடை ஒன்று விரிக்கப்படும் என்று அவர்களிடம் சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவில்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்பு கூடியது, குதிரைகளின் துடிப்பும் கூடியது. குதிரைக்குக் குடையைப் பற்றி எதுவும் தெரியாது. அதன் மேலோ பக்கத்திலோ இருந்தவருக்குத்தான் தெரியும்.

அதனால் பார்வையைப் பாதையின் தூரத்தில் வையுங்கள். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொள்கிறவர்கள் ஒரு பாட்டை முணுமுணுக்கலாம், மூச்சு தானாக வரும். குதிகால் கீழே இருக்கட்டும். ஒரு கை பிடரியைப் பற்றிக்கொள்ளட்டும். பயத்தில் வாரைப் பிடித்துத் தொங்கினால் குதிரைக்குத் தப்ப வழியே இல்லை என்று தோன்றும்.

[காட்சி: மேலிருந்து வரைபடம். வீதியின் இடது ஓரத்தில் செவ்விளநீர்க் குவியல்.]

இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள். நம் நாட்டில் இடது பக்கம்தான் போகிறோம். ஓரத்தில் இளநீர்க் குவியல். பலரும் செய்வது, "பார், ஒன்றுமில்லை" என்று குதிரையின் தலையைக் குவியல் பக்கம் திருப்புவது. தலை இடப்பக்கம் போனால் தோள் வலப்பக்கம் தள்ளும். அங்கே பஸ் வருகிறது. மாறாக, தலையை இலேசாக வலப்பக்கம் திருப்புங்கள். வலக்காலால் விலாவை அழுத்தி, வீதி நடுவுக்குப் போகாமல் தடுங்கள். நடை நிற்க வேண்டாம். எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்க வைக்கவும் தேவையில்லை. கடந்து போனாலே போதும். திரும்பி வரும்போது அதே குவியல் மறுபக்கத்திலிருந்து புதிதாகத் தெரியலாம், மறுபடியும் தயாராக இருங்கள்.

பாய்ந்து ஓடத் தொடங்கினால் முதல் சில அடிகளுக்குள் ஒரு பக்க வாரை மட்டும் இழுத்து வட்டமாகத் திருப்புங்கள். தார் வீதியில் வேகம் ஏறிய பிறகு அதைச் செய்தால் குதிரை சறுக்கி விழும்.

நிலைமை கைமீறும் போலிருந்தால் இறங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயமுறுத்தும் பொருளுக்கும் குதிரைக்கும் இடையில், தோளருகே நடங்கள். அப்போது அது உங்களை விட்டு விலகித்தான் தாவும். முன்னால் நடந்தால் உங்கள் மேலேயே பாயலாம். தலைக்கவசமும், முதல் சில சவாரிகளுக்கு அமைதியான துணைக் குதிரையும் கட்டாயம்.

[காட்சி: காலிமுகத்திடலில் பொலிஸ் குதிரைகள்.]

கூட்டத்துக்குள் அசையாமல் நிற்கும் இந்தக் குதிரைகளும் பிறவியிலேயே தைரியசாலிகள் அல்ல. பழக்கித்தான் வந்தது. லாயத்தில் பொலித்தீனைத் தூரத்தில் அசையுங்கள். குதிரை தலையைத் தாழ்த்தி, வாயை மெல்லுவதுபோல் அசைக்கத் தொடங்கிய கணத்தில் நிறுத்துங்கள். அடுத்த நாள் ஓரடி கிட்ட வாருங்கள். அதற்கு மேல் அவசரம் வேண்டாம். சாதுவான குதிரை திடீரென்று மிரளத் தொடங்கினால் பயிற்சியை விட்டுவிட்டு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். கண், பல், முதுகு, சேணம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

[காட்சி: குதிரைக்குப் பின்னால் ஆட்டோவும் லொறியும்.]

வாகனம் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹோர்ன் அடிக்க வேண்டாம், எஞ்சினை உறும வைக்க வேண்டாம். பிரித்தானியாவின் வீதி விதிகள் குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 16 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டாம், 2 மீற்றராவது இடைவெளி விடுங்கள் என்று சொல்கின்றன. அந்த இடைவெளி இல்லாத ஒழுங்கையில், குதிரை அகலமான இடத்துக்குப் போகும் வரை பின்னால் காத்திருங்கள்.