மழையில் வென்ற பையனும் மலையில் சிக்கிய லொறியும்

(தலவாக்கலையில் நடைபெற்ற சாரதிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றி வைத்த கோயில் குருக்கள் ஐயா அவர்களே, எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்குக் கற்பித்து, அதன் விளைவை நினைத்து இன்றுவரை வருந்திக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, தொழிற்சங்கப் பிரதிநிதிகளே, தோட்ட வைத்திய உதவியாளர் அவர்களே, பல வேலைகளுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, கொழுந்து லொறியும் பாடசாலை வானும் முச்சக்கரவண்டியும் தனியார் பஸ்ஸும் ஓட்டி இந்த மலைகளை நடமாட வைக்கும் சாரதித் தோழர்களே, அவர்கள் வீடு திரும்பும்வரை அடுப்பை அணைக்காமல் காத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். உறுப்பினர் அவர்கள் முன்வரிசையில் இருப்பது எனக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'சாரதியும் சமூகமும்' என்பதாகும். அதனை நான் ஒரு மோட்டார்ப் பந்தயத்தின் வழியாகப் பேச விரும்புகிறேன். மூன்று செய்திகளைச் சொல்வேன். முதலாவது, தன் சொந்த மண்ணில் ஓடிய ஒரு சாரதி மற்றவர்களை எப்படி அவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளினார் என்பது. இரண்டாவது, அவருடைய தந்தையார் பட்ட பாடு. மூன்றாவது, நம் மலையகத்துப் பிள்ளைகள் பந்தயம் பழகுவதற்கு ஓர் ஓடுதளம் வேண்டுமா என்பது. எனக்கு மிகவும் பிடித்த பழமொழி ஒன்று உண்டு. என் வீட்டார் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள், ஆகவே உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்.

நம் மலைகளுக்கு மோட்டார்ப் பந்தயம் புதியதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டில் தொடங்கியது. ஏப்ரல் வசந்த காலத்தில் கார்கள் ஒவ்வொன்றாக மேட்டில் ஏற, கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். இதோ பக்கத்தில் ரதல்லையிலும் அத்தகைய பந்தயம் நடந்திருக்கிறது. அந்த வீதியில் இறங்கும்போது எந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பது இங்கே அமர்ந்திருக்கும் உங்களுக்குத் தெரிந்த அளவுக்குப் பந்தயக்காரர்களுக்குத் தெரியுமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஆனால் இன்று நான் பேசப்போகும் பந்தயம் இங்கிலாந்தில், சில்வர்ஸ்டோனில் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று பந்தயத் திடலான இடம் அது. 1950ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதலாவது போர்மியுலா வன் பந்தயம் நடந்ததும் அங்கேதான்.

2008ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. மக்லாரன் அணிக்காக ஓடிய இங்கிலாந்துச் சாரதி லூயிஸ் ஹமில்டனுக்கு அப்போது 23 வயது. அதற்கு முந்திய இரண்டு பந்தயங்களிலும் அவருக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கனடாவில் டயர் மாற்றும் தடத்தின் முடிவில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்த பெராரி அணிச் சாரதி ரைக்கோனனின் காரில் பின்னாலிருந்து மோதினார். பிரான்சில் தண்டனை பெற்றுப் பத்தாவதாக வந்தார். சொந்த ஊர்ப் பத்திரிகைகளே அவரைக் கிழித்துக்கொண்டிருந்தன. சில்வர்ஸ்டோனிலும் அவருக்குக் கிடைத்தது நான்காவது இடத்திலிருந்து புறப்படும் வாய்ப்புத்தான். முதலிடத்தில் நின்றவர் அவருடைய சக அணியினரான கோவலைனன். அன்று மழை. கார்கள் கிளப்பும் தண்ணீர்ப் புகையில் முன்னால் ஓடுபவருக்கு மட்டுமே பாதை தெரியும். ஹமில்டன் புறப்பட்டவுடனேயே இரண்டாம் இடத்துக்கு வந்து, ஐந்தாம் சுற்றில் கோவலைனனையும் கடந்தார்.

பந்தயத்தின் உயிர்நாடி 21ஆம் சுற்றில் இருந்தது. பாதை சற்றுக் காய்ந்திருந்ததால் பெராரி அணியின் ரைக்கோனன் ஹமில்டனின் வாலைப் பிடித்தாற்போல் நெருங்கியிருந்தார். இருவரும் ஒரே சுற்றில் எரிபொருள் நிரப்ப உள்ளே வந்தார்கள். ஹமில்டனுக்கு மிதமான ஈரத்துக்குரிய புதிய டயர்களைப் பூட்டினார்கள். மழை இனி வராது என்று நம்பிய பெராரி அணியினர், ரைக்கோனனைத் தேய்ந்த பழைய டயர்களுடனேயே வெளியே அனுப்பினார்கள். மழை திரும்பி வந்தது. அதன்பிறகு நடந்ததைப் போட்டி என்று சொல்ல முடியாது. பெராரியின் மற்றொரு சாரதியான மஸ்ஸா ஐந்து முறை பம்பரமாய்ச் சுழன்று 13ஆவதாக வந்தார். ஹமில்டன் 60 சுற்றுகளையும் 1 மணி 39 நிமிடத்தில் முடித்தபோது, இரண்டாவதாக வந்த ஹைட்பெல்ட் 68 செக்கன்களுக்கு மேல் பின்னால் இருந்தார். மூன்றாவது பரிக்கெல்லோ. நான்காவதாக வந்த ரைக்கோனன் உட்பட மற்ற அனைவரையும் அவர் ஒரு முழுச் சுற்றாவது முந்தியிருந்தார். சில்வர்ஸ்டோனில் போர்மியுலா வன் பந்தயத்தில் அவர் பெற்ற முதல் வெற்றி அது. 2024 வரை அங்கே ஒன்பது முறை வென்றுவிட்டார்.

இந்தப் பந்தயத்தை நான் பார்த்த கதையைச் சொல்லாமல் மேலே போனால், பின்வரிசையில் இருக்கும் என் மைத்துனர் எழுந்துவிடுவார்.

அப்போது எங்கள் பணிய டிவிசனில் செய்மதி அன்டெனா இருந்தது ஒரே ஒரு வீட்டில். இங்கிலாந்தில் மதியம் ஒரு மணி, நமக்கு மாலை ஐந்தரை. அந்த லயக் காம்பிராவுக்குள் இருபத்தைந்து பேர். நடுவில் பலகைக் கட்டிலில் அரசரைப் போல் அமர்ந்திருந்தவர் எங்கள் கொழுந்து லொறிச் சாரதி. நாங்கள் அவரை ஸ்டியரிங் மாமா என்றுதான் அழைப்போம். இங்கேயும் பேய் மழை. மழை கனத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். அப்போது ஒரு பையன் குடையுடன் தகரக் கூரையில் ஏறி அன்டெனாவுக்குக் குடை பிடிப்பான். ரைக்கோனன் பழைய டயருடன் வெளியே போனதைக் கண்டதும் மாமா கட்டிலில் அடித்துக் கத்தினார்: "மாத்துடா டயரை! நம்ம தோட்டத்துக்காரன் மாதிரியே கணக்குப் பார்க்கிறானே பாவி!" அவருடைய லொறியின் பின் டயர்கள் வழுக்கைத் தலையாகி மூன்று மாதம் கடந்திருந்தது, கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் மேல் லயத்துக் கிழவி ஓடிவந்தார். மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது. மாமா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து சாவியை எடுத்தார். அந்தப் பிள்ளையை முன்னால் ஏற்றி, துணைக்குச் சென்ற பெண்களைப் பின்னால் படங்குக்குள் உட்கார வைத்துப் புறப்பட்ட லொறி, கோயில் வளைவுக் குழியில் இறங்கி நின்றுவிட்டது. ஆடி மாதத்தில் எங்கள் மாரியம்மன் தேரும் அதே குழியில்தான் நிற்கும். ஆகவே அந்தக் குழியை எப்படிக் கையாள்வது என்பது ஊருக்கே மனப்பாடம். வடத்தைக் கொண்டுவந்து லொறியில் கட்டினோம். முன்னால் பதினைந்து பேர் இழுக்க, பின்னால் பத்துப் பேர் தள்ள, மண்ணிலும் மழையிலும் குளித்து ஒருவழியாக மேலே ஏற்றினோம். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பதை நான் அன்று கைத்தழும்புடன் படித்தேன். சேற்றோடு ஓடிவந்து பார்த்தபோது கடைசிச் சுற்றுகள். பையன் தனியே பறந்துகொண்டிருந்தான்.

மாமா திரும்பி வந்தபோது இரவு பதினொரு மணி. எங்கள் பள்ளத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. அதனால் வைத்தியசாலைச் செய்தி அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். கிழவி வாசலில் காத்திருந்தார். மாமா லொறியை விட்டு இறங்கினாரோ இல்லையோ, எங்களைப் பார்த்து, "பையன்தானே?" என்று கேட்டார். நாங்கள் ஒரே குரலில், "பையன்தான் மாமா, பையனேதான்!" என்று கூவினோம். அவ்வளவுதான். கிழவி "என் குலசாமி!" என்று உள்ளே ஓடிச் சீனி டப்பாவை எடுத்துவந்து, இரண்டு லயத்தையும் தட்டி எழுப்பி எல்லார் வாயிலும் போட்டுவிட்டார். எங்கள் வாயிலும் போட்டார். பந்தய வெற்றிக்குத் தருகிறார் என்று நாங்களும் சாப்பிட்டோம். கடைசியாக மாமாவின் வாய்க்கு வந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "ஆத்தா, அங்க ஜெயிச்சது பையன். இங்க பொறந்தது பொண்ணு." கிழவி ஒரு கணம் யோசித்துவிட்டு, "போட்ட சீனியத் திருப்பியா வாங்க முடியும், நீயும் தின்னு" என்று அவர் வாயிலும் போட்டார். அந்தப் பெண் பிள்ளைக்கு இன்றும் எங்கள் டிவிசனில் செல்லப் பெயர் 'பையன்'தான்.

சிரித்துவிட்டீர்கள். இனி அதிபர் ஐயா கற்பித்த கணக்குக்கு வருகிறேன். ஹமில்டன் 1 மணி 39 நிமிடத்தில் ஓடிய தூரம் 308 கிலோமீற்றர். ஏறத்தாழ அதே நேரத்தில் எங்கள் லொறி வைத்தியசாலை வரை ஓடிய தூரம் 11 கிலோமீற்றர். இரண்டு இடத்திலும் மழை. இரண்டு இடத்திலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் கெட்டிக்காரர். ஸ்டியரிங் மாமாவின் கையைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது உலகத் தரமான கை. வேறுபாடு கைக்குக் கீழே இருந்த டயரிலும், டயருக்குக் கீழே இருந்த பாதையிலும் மட்டுமே இருந்தது.

ஹமில்டனைச் சொந்த மண்ணின் சாரதி என்று சொல்லி அந்தத் திடல் முழுவதும் கொண்டாடியதே, அந்தச் சொந்தம் எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய தந்தைவழிப் பாட்டன் பாட்டி 1950களில் கிரெனடா தீவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர்கள். அதே 2008 பெப்ரவரியில் பார்சிலோனாவில் பயிற்சி ஓட்டத்தின்போது, அவருடைய நிறத்தைக் கேலி செய்து முகத்தில் கரி பூசிக்கொண்டு நின்றார்கள் சிலர். ஐந்து மாதத்தில் சொந்த மண் அவரைத் தலையில் தூக்கிவைத்தது. கப்பலேறி வந்தவர்களின் பேரன் ஓர் ஊரின் பிள்ளையாக முடியும் என்பது நமக்குப் புதிய செய்தியா? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை குடியுரிமைக்காகக் காத்திருந்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன. குடியுரிமை வந்துவிட்டது. அந்தக் குடிமக்கள் நடக்கும் பாதை இன்னும் வரவில்லை.

இரண்டாவதாகச் சொல்ல வந்தது தந்தையாரைப் பற்றி. மகனை ஓட்ட வைப்பதற்காக ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்த்தவர் அவர். பத்து வயதில் அந்தச் சிறுவன் மக்லாரன் அணியின் தலைவர் ரொன் டெனிஸிடம் நேரே சென்று பேசியதும், 1998இல் 13 வயதில் அந்த அணி அவனை ஒப்பந்தம் செய்ததும் நீண்ட கதை. அதை இன்னொரு நாள் சொல்கிறேன், ஏனெனில் உறுப்பினர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் புறப்படுவதற்கு முன் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

ஐயா, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று கைவிரிப்பதற்கு அந்தப் பிரிவுதான் காரணமாகக் காட்டப்பட்டது. சபையிடம் போனால், அது தோட்டத்துப் பாதை என்பார்கள். தோட்டத்திடம் போனால், அது பொதுப் பாதை என்பார்கள். அந்தக் குழி மட்டும் எந்தப் பேதமும் பார்க்காமல் எல்லார் அச்சையும் உடைத்தது. 2018ஆம் ஆண்டு அந்தப் பிரிவு திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சபை சேவை செய்யச் சட்டம் வழிவிட்டது. ஆகவே சட்டம் தடுக்கிறது என்ற பதில் இனிச் செல்லாது. பணம் போதாது என்று நீங்கள் சொல்லலாம். அது நியாயமான பேச்சு, அதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். இன்று 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது, நல்லது. ஆனால் எங்கள் பக்கத்தில் அது தார் முடியும் இடத்தில் நின்றுவிடுகிறது. மிகுதித் தூரத்துக்கு இன்றும் கொழுந்து லொறிதான், இன்றும் வடம்தான்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது, குழியை அப்படியே வைத்துக்கொண்டு ஆண்டாண்டாக இழுத்துக்கொண்டிருங்கள் என்று பொருள் கொள்ளக் கூடாது. சில்வர்ஸ்டோனில் ஹமில்டன் உள்ளே வந்து நின்ற அந்தச் சில செக்கன்களில் இருபது பேரளவில் அவர் காரைச் சுற்றி நின்று, டயர் கழற்றுபவர், பூட்டுபவர், எரிபொருள் ஊற்றுபவர் என்று ஆளுக்கு ஒரு வேலையாகச் செய்து முடித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் வேலையும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. எங்கள் கோயில் வளைவை யார் செப்பனிட வேண்டும் என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

மூன்றாவது செய்தியான ஓடுதளம் பற்றி... நேரமாகிவிட்டது என்று தலைவர் அவர்கள் இரண்டாவது துண்டுச் சீட்டையும் அனுப்பிவிட்டார். முதலாவது துண்டை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். ஓடுதளம் நிற்கட்டும், முதலில் பாதை.

வாசலருகே மேசையில் நீல நிற அட்டை போட்ட ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு சாரதியும் தாம் ஓட்டும் தோட்டப் பாதையின் பெயரையும், அது எத்தனை கிலோமீற்றர் என்பதையும், எந்த வளைவில் எந்தச் சக்கரம் இறங்குகிறது என்பதையும் எழுதிவிட்டுச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோயில் வளைவை நான் முதற் பக்கத்திலேயே எழுதிவிட்டேன், ஆகவே அதை மீண்டும் எழுத வேண்டாம். கூட்டம் முடிந்தவுடன் அந்தக் கொப்பியை உறுப்பினர் அவர்கள் பெற்றுக்கொள்ள இசைந்திருக்கிறார். அதாவது, இப்போதுதான் இசைந்தார், நான் இங்கிருந்து பார்த்தேன். மழை தொடங்கிவிட்டதால் பணிய டிவிசன் வான் ஏழு மணிக்கே புறப்படும் என்று சொல்லச் சொன்னார்கள். நன்றி, வணக்கம்.